பழகும் கையும் பிறர் வாயும்
பல்வைத்தியப் பயிற்சியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்னும் பழமொழி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 'பேரை' என்பது பிழைபட்ட பாடம் என்றும், 'வேரை' என்பதே திருந்திய வழக்கு என்றும், ஆயிரம் மூலிகை வேர்களை அகழ்ந்து அவற்றின் குணங்களை அறிந்தவனே பாதி வைத்தியனாவான் என்பதே அதன் பொருள் என்றும் சிலர் விளக்குவர். அவ்விளக்கம் சரியோ பிழையோ, பொதுமக்களின் நாவிலே முன்னைய வடிவமே நிலைபெற்றுவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. தச்சன் மகன் தொழில் பழகும்போது பலகை கெடும். குயவன் மகன் பழகும்போது மண் கெடும். தையற்காரன் மகன் பழகும்போது துணி கெடும். வைத்தியன் பழகும்போது கெடுவது யாது? இவ்வினாவுக்கு விடை கூற அஞ்சியே மக்கள் அதனைப் பழமொழியாக்கி நகைத்தனர் போலும்.

சில காலத்துக்கு முன்னர், பதினோராந் தரத்து மாணவர்க்குக் கைத்தொழிற் புரட்சி பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் பல் பிடுங்குவித்துக்கொண்டு வந்திருந்த மாணவன் ஒருவன், வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கியவாறே எழுந்து, "சேர், முதன்முதலாக வந்த பல் டொக்டர் ஆருடைய பல்லிலே பழகினவர்?" எனக் கேட்டான். வகுப்பு முழுவதும் நகைத்தது. யானும் நகைத்தேன். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும்போது அவ்வினா என்னை விட்டகலவில்லை. அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டுதோறும் கற்பிக்கும் யாம், ஒரு தொழிலின் கைத்திறன் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்கு எவ்வாறு கைமாறிற்று என்பதையும், அக்கைமாற்றத்தின் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் பெரும்பாலும் கேட்பதில்லை. அம்மாணவனுக்கு யான் கூறக் கடமைப்பட்ட விடையே இக்கட்டுரையாகும்.

சுரைக்காயும் விலங்கின் பல்லும்

இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பி, அதற்கு விடையும் கூறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று சுசுருத சங்கிதையாகும். அதன் காலம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலே கருக்கொண்டு, பிற்காலத்துச் சேர்க்கைகளுடன் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது எனப் பொதுவாகக் கொள்ளலாம். அந்நூலின் சூத்திரத்தானத்து ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் பயிற்சி முறையையே கூறுகின்றது. சாத்திரங்கள் அனைத்தையும் கற்றுத் தேர்ந்தவனாயினும், கைப்பயிற்சி இல்லாதவன் சத்திரவினைக்குத் தகுதியற்றவன் என்பது அவ்வத்தியாயத்தின் அடிப்படைக் கருத்து.

சத்திரவினைகளை எட்டாக வகுத்த அவ்வாசிரியர், ஒவ்வொன்றையும் எப்பொருளிலே பழகவேண்டுமென முறையாக விதிக்கின்றார். அறுத்தலைப் பூசணி, சுரை, வத்தகை, வெள்ளரி ஆகிய காய்களிலே பழகவேண்டும். நாளங்களைத் துளைத்தலை இறந்த விலங்குகளின் நாளங்களிலும் தாமரையினத்துத் தண்டுகளிலும் பழகவேண்டும். புண்ணின் ஆழத்தைச் சலாகையினால் ஆராய்தலைப் புழுவரித்த மரத்திலும் மூங்கிலிலும் உலர்ந்த சுரைக்குடுக்கையின் வாயிலும் பழகவேண்டும். தைத்தலைத் துணியிலும் மெல்லிய தோலிலும் பழகவேண்டும். கட்டுக்கட்டுதலைப் பழகுதற்கு மனித உருவிலே பாவையொன்று செய்துகொள்ள வேண்டும். இனி, நம் பொருளுக்கு நேரே உரிய விதி ஒன்றுண்டு. உடலினுள் தங்கியவற்றைப் பிடுங்கியெடுத்தலைப் பலா, கொவ்வை, வில்வம் ஆகிய பழங்களின் உள்ளீட்டிலும், இறந்த விலங்கின் பற்களிலும் பழகவேண்டும் என்பதே அது.

பல் பிடுங்கப் பழகுபவன் உயிருள்ள மனிதனின் வாயை அணுகுமுன், உயிரற்ற விலங்கின் தாடையிலே தன் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்னும் இவ்விதி, இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பெருஞ் செலவில் நிறுவப்படும் மெய்ந்நிகர்ப் பயிற்சிக் கூடங்களின் அடிப்படைத் தத்துவமேயாகும். எனினும், அக்காலத்தே கணினி இருந்தது என்றோ, மேனாட்டார் நம்மிடமிருந்தே இதனைக் கற்றனர் என்றோ வாதிடுவது என் கருத்தன்று. அவ்வகைப் பெருமிதம் வரலாற்றுக்குப் பகையாகும். ஈண்டு நாம் கருதவேண்டியது வேறு. தத்துவம் ஓரிடத்தே தெளிவாக எழுதப்பட்டிருந்தும், கை வினை புரிவோர் கல்வியினின்று பிரிக்கப்பட்ட காலத்தில் அது ஏட்டளவாய் ஒடுங்கிற்று. பல்லிலே புழு உண்டென நம்பி, கண்டங்கத்தரி விதையின் புகையைப் பிடித்து அதனை வெளியேற்ற முயன்ற வழக்கம் நம் ஊர்களிலும் நெடுங்காலம் நிலவியமை இதற்குச் சான்று.

சந்தையிற் பல் பிடுங்கியோர்

ஐரோப்பாவிலும் நிலைமை இதனினும் மேம்பட்டதன்று. கற்ற வைத்தியர் கையால் வேலை செய்வதை இழிவாகக் கருதினர். எனவே பல் பிடுங்கும் தொழில் நாவிதரிடத்தும், சந்தைதோறும் திரிந்த பல்பிடுங்கிகளிடத்தும் தங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பாரிசு நகரத்துப் புதுப்பாலத்தின்மீது நின்று, பெருங் கூட்டத்தின் நடுவே பல் பிடுங்கிய 'பெரிய தோமா' என்பவன் அந்நகரெங்கும் பெயர் பெற்றிருந்தான். அத்தகையோரிடம் தொழில் பழகியவர்கள் கண்டு பழகினர். பின்னர் ஏழையொருவனின் வாயிலே செய்து பழகினர். கற்றதை மறைத்து வைப்பதே அவர்களின் முதல் இலாபம்.

அந்நகரிலே, அதே காலத்தில், இம்மறைப்பை உடைத்தவர் பியேர் போசார் என்பவர். அவர் 1728 ஆம் ஆண்டிலே பல்வைத்தியம் பற்றி இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டார். தாம் கண்டறிந்த முறைகளையும் கருவிகளையும் படங்களுடன் யாவரும் அறிய எழுதினார். பற்புழுக் கொள்கையை மறுத்தார். நோயாளியைத் தரையில் இருத்திப் பல் பிடுங்கும் வழக்கத்தைக் கண்டித்து, நாற்காலியில் இருத்தவேண்டுமென வலியுறுத்தினார். நவீன பல்வைத்தியத்தின் தந்தை என அவர் போற்றப்படுவது தகும். எனினும், நூல் கண்ணுக்கு அறிவூட்டுமேயன்றிக் கைக்குப் பழக்கம் ஊட்டாது. போசாரின் நூலைப் படித்தவனும் முதலாவது பல்லை ஒருவனின் வாயிலேயே பிடுங்கவேண்டியவனாயினான்.

கல்லூரிகளும் ஏழைகளும்

பல்வைத்தியத்துக்கெனத் தனிக் கல்லூரியொன்று முதன்முதலில் தோன்றியது 1840 இல், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்தில். ஹொறேஸ் ஹெய்டன், சப்பின் ஹறிஸ் என்னும் இருவர் அதனை நிறுவினர். அடுத்த ஆண்டில் அக்கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறியோர் இருவர் மட்டுமே. 1858 இல் இலண்டன் மாநகரின் சோகோ சதுக்கத்திலே பல் வைத்தியசாலையொன்று தோன்றிற்று; அதனோடிணைந்த கல்லூரி மறு ஆண்டிலே கற்பிக்கத் தொடங்கிற்று. 1867 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் பல்வைத்தியத்தைத் தன் அங்கமாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலே முதலாவது பல்வைத்தியக் கல்லூரியை 1920 இல் கல்கத்தாவிலே நிறுவியவர் றபியுதீன் அகமது ஆவார். 1926 இல் வில்லியம் கீஸ் என்னும் உயிரிரசாயனப் பேராசிரியர் அமெரிக்க, கனேடியப் பல்வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இக்கல்வி பல்கலைக்கழகத் தரத்துக்கு உயரவேண்டும் என்பதனை நிலைநாட்டிற்று.

இவ்வாறு கல்வி ஒழுங்குபெற்றது, பரீட்சை வந்தது, சான்றிதழ் வந்தது. ஆனால் பழகும் கைக்கு வாய் வேண்டுமே! அவ்வாயை அளித்தவர் யார்? கல்லூரிகளோடு இணைந்த வைத்தியசாலைகள் ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ சிகிச்சை அளித்தன. அது அறச்செயல் என்பதில் ஐயமில்லை. பல்லாயிரம் மக்களின் நோவைத் தீர்த்த அறம் அது. ஆயினும் அவ்வறத்தின் உள்ளே ஒரு மாற்றுப்பண்டம் மறைந்திருந்தது. பொருள் கொடுக்க இயலாதவன் தன் வாயைக் கொடுத்தான். அவ்வாயிலே தேர்ந்த கை, பின்னர் நகரின் செல்வர்க்கு உதவிற்று. 'அரை வைத்தியன்' பழமொழியிற் கூறப்படும் ஆயிரம் பேர் யாவர் என ஆராயின், அவர்கள் பெரும்பாலும் பொருளற்றவர்களே என்பது புலனாகும்.

பொம்மைத்தலை

இந்நிலையை மாற்றும் முதற்படி 1894 இல் வைக்கப்பட்டது. ஒஸ்வால்ட் பேர்கஸ் என்பவர், உலோகத் தண்டொன்றிலே மேற்றாடை கீழ்த்தாடை இரண்டையும் பொருத்தி, மாணவர் பழகுதற்கேற்ற கருவியொன்றை அமைத்தார். அதுவே பிற்காலத்துப் பொம்மைத்தலைகளின் மூதாதை. பிடுங்கப்பட்ட மனிதப் பற்களைச் சாந்துக் கட்டியிற் பதித்தும், பின்னாளிலே பிளாஸ்டிக்குப் பற்களைப் பொருத்தியும், இறப்பர்க் கன்னம் அமைத்தும், நோயாளி சாய்ந்திருக்கும் நிலையிலே தலையைச் சாய்த்தும், இக்கருவி படிப்படியாக வளர்ச்சியுற்றது. மாணவன் தன் உடலை எவ்வாறு வைத்திருக்க வேண்டும், வாயின் இருண்ட மூலையைச் சிறுகண்ணாடியிலே நோக்கி, இடம் வலம் மாறித் தோன்றும் பிம்பத்துக்கேற்பக் கையை எவ்வாறு செலுத்தவேண்டும் என்பவற்றை அவன் முதலிலே இங்குக் கற்றான்.

பொம்மைத்தலை இருபதாம் நூற்றாண்டிலே இன்றியமையாததாயினமைக்குக் கருவி வளர்ச்சியும் ஒரு காரணமாகும். 1871 இல் ஜேம்ஸ் மொறிசன் என்பவர், தையல் இயந்திரம்போல் காலால் மிதித்து இயக்கும் துளைகருவிக்கு உரிமம் பெற்றார். அதுகாறும் கையால் திருகிய ஊசி, காலால் சுழலத் தொடங்கிற்று. 1875 இல் ஜோர்ஜ் கிறீன் மின்சாரத் துளைகருவியை அமைத்தார். 1949 இல் நியூசிலாந்திலே ஜோன் வோல்ஷ் காற்றினாற் சுழலும் கருவிக்கு உரிமம் பெற்றார். 1957 இல் அமெரிக்காவிலே ஜோன் போர்டன் வெளியிட்ட காற்றுச்சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,00,000 முறை சுழன்றது.

இவ்வேகம் நோயாளிக்குப் பேருதவி. ஆமைபோல் ஊர்ந்த கருவியின் அதிர்வும் நோவும் வெகுவாகக் குறைந்தன. பயிலுநனுக்கோ அது பேரிடர். மெதுவாகச் சுழலும் கருவியிலே பிழை மெதுவாக நிகழும். கண்டு திருத்த நேரம் உண்டு. காற்றுச்சுழலியிலே கை ஒரு கணம் தவறினால், மனித உடலிலே மிகக் கடினமான பொருளாகிய மிளிரியைக் கடந்து, அதன் உள்ளே அமைந்த பன்முதலையும் ஊடுருவி, நரம்பும் குருதிக்கலங்களும் செறிந்த மச்சைக்குழியை அது தொட்டுவிடும். மிளிரியின் தடிப்போ மிக மிகுந்த இடத்தும் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றரே. வெட்டப்பட்ட பல் மீள வளர்வதில்லை. தோலிலே பட்ட காயம் ஆறும். எலும்பு முறிந்தால் பொருந்தும். பல்லோ தான் இழந்ததை ஒருபோதும் மீளப் பெறாது. ஆகவே கருவியின் வேகம் பெருகப் பெருக, உயிருள்ள வாயை அணுகுமுன் பழகவேண்டிய காலமும் பெருகிற்று.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலே பல்வைத்தியப் பட்டப்படிப்பு 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொழும்பிலே தொடங்கி, 1954 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1990களின் இறுதியில் யப்பானிய அரசின் உதவியோடு அங்குப் புதிய கட்டடத் தொகுதி எழுந்தது. மறுபுறத்தே, நியூசிலாந்து 1921 இல் தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியர் திட்டத்தை ஒட்டி, மகரகமையிலே அத்தகைய பயிற்சி நடைபெறலாயிற்று. நியூசிலாந்துச் சிறுவர்கள் தம் பாடசாலையிலிருந்த பற்சிகிச்சை நிலையத்தைக் 'கொலைவீடு' எனச் செல்லமாகவும் அச்சமாகவும் அழைத்தனராம். நம் மாணவர்களும் வெள்ளுடை தாங்கிய பல் வைத்தியர் பாடசாலைக்கு வரும் நாளிலே வகுப்பறையின் பின்வரிசையை நாடுவதை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

அவ்வச்சம் காரணமற்றதென யான் கூறமாட்டேன். எனக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, போர்க்காலத்திலே, கடைவாய்ப்பல் சூத்தையுற்று நோ தாங்கமுடியாமல், ஒரு வைத்தியசாலைக்கு என் தந்தையாருடன் சென்றேன். அது எவ்விடம் என்பது ஈண்டு வேண்டப்படுவதன்று. வயதில் இளைய பயிலுநர் ஒருவர் என் பல்லைக் களைய முற்பட்டார். குறடு வழுவிற்று, பல்லின் முடி ஒடிந்தது, வேர் முரசினுள்ளே தங்கிவிட்டது. என் நோவைக் காட்டிலும் இன்றும் என் நினைவிலே நிற்பது அவருடைய கையின் நடுக்கமாகும். அவர் நெற்றியிலே வியர்வை துளிர்த்தது. "தம்பி, கொஞ்சம் பொறும், பொறும்" என அவர் கூறிய குரலிலே என்னைவிட அவரே அஞ்சியிருந்தமை தெரிந்தது. பின்னர் மூத்த வைத்தியர் வந்து, சில நிமிடங்களில் வேரை எடுத்தார்.

பல ஆண்டுகள் அப்பயிலுநர்மீது எனக்குச் சினம் இருந்தது. இன்று இல்லை. அவர் தம் கையைப் பழக்கிக்கொள்ள வேறிடம் போதியளவு கிடைத்திருக்குமாயின், என் வாயிலே அக்கை நடுங்கியிராது. குற்றம் அவருடையதன்று, பழகுதற்கு இடமளிக்காது பணியை மட்டும் அளித்த நிலைமையினுடையது. நிலைமையும் அந்நாளிலே எத்தகையதென்பதை அறிந்தோர் அறிவர்.

வானூர்தியிலிருந்து வந்த பாடம்

பல்வைத்தியப் பயிற்சியின் அடுத்த வளர்ச்சி வைத்திய உலகிலிருந்து வரவில்லை; வானூர்தித் துறையிலிருந்து வந்தது. அமெரிக்காவிலே எட்வின் லிங்க் என்பவர் 1929 இல், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையிற் பயன்பட்ட காற்றுத்துருத்திகளைக் கொண்டு, தரையிலிருந்தவாறே வானூர்தியோட்டப் பழகும் பொறியொன்றை அமைத்தார். முதலிலே அதனை விளையாட்டுப் பொருளாகவே பலர் கருதினர். 1934 இல் அஞ்சற்பொதிகளை வானூர்தியிற் கொண்டுசெல்லும் பொறுப்பு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டு, மோசமான காலநிலையிலே விமானிகள் பலர் மாண்டபின்னரே, இராணுவம் அப்பொறிகளை வாங்கிற்று. வானத்திலே வீழ்ந்தால் விமானியும் வீழ்வான். பல்வைத்தியத்திலே பிழைத்தால் நோவது பிழைத்தவனுக்கன்று, பிறனுக்கு. வானூர்தித் துறை பாவனைப் பயிற்சியை விரைவில் ஏற்றமைக்கும், வைத்தியத்துறை தாமதித்தமைக்கும் இவ்வேறுபாடும் ஒரு காரணமோ என எண்ணத் தோன்றுகின்றது.

1968 இல் ஐவன் சதர்லண்ட் என்னும் அறிஞர், தலையில் அணிந்து நோக்கினால் கணினி வரைந்த உருவங்கள் கண்முன்னே நிற்பனபோற் காட்டும் கருவியை அமைத்தார். அது மிகுந்த பாரமுடையதாதலின் கூரையிலிருந்து தாங்கப்படவேண்டியதாயிற்று. 1980களின் பிற்பகுதியில் ஜாறன் லனியர் என்பவர் இத்துறைக்கு வழங்கிய 'வேர்ச்சுவல் றியாலிற்றி' என்னும் பெயர் பரவலாயிற்று. யாம் அதனை மெய்ந்நிகர்த் தோற்றம் என்கின்றோம்.

ஆனால் பல்வைத்தியனுக்குக் கண் மட்டும் போதாது. சூத்தையுற்ற பகுதி மென்மையாகவும், நலமுற்ற பகுதி கடினமாகவும் இருப்பதை அவன் விரலே அறியும். ஆகவே தொடுகை உணர்வைப் பொறியினாற் பிறப்பித்தல் வேண்டும். 1990களின் முற்பகுதியிலே மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்விநிலையத்திலே தொமஸ் மசி, கென்னத் சோல்ஸ்பெரி ஆகிய இருவரும் 'பன்ரொம்' என்னும் கருவியை ஆக்கினர். சிறு புயமொன்றின் நுனியை நாம் பற்றி அசைக்க, கணினியினுள்ளே கற்பனைப் பொருளொன்றை அந்நுனி முட்டும்போது மோட்டார்கள் நம் கையை எதிர்த்துத் தள்ளும். கண்ணுக்கு ஒரு செக்கனில் இருபத்தைந்து முப்பது படங்கள் காட்டினாலே அசைவு தொடர்ச்சியாகத் தோன்றும். கையோ அவ்வாறு எளிதில் ஏமாறாது. ஒரு செக்கனில் ஏறத்தாழ 1,000 முறை விசையைக் கணித்து மாற்றினாலன்றி, கடினமான பரப்பு நடுங்குவதாகவோ மெத்தென்றோ உணரப்படும். உடலிலே மிகக் கடினமான மிளிரியைப் பாவனை செய்தல் எத்துணை அரிது என்பது இதனால் விளங்கும்.

1990களின் பிற்பகுதியிலே இசுரவேலில் உருவாகிய 'டென்ட்சிம்' என்னும் அமைப்பு நடுவழியொன்றைக் கண்டது. பொம்மைத்தலையும் பிளாஸ்டிக்குப் பல்லும் மெய்யானவை, துளைகருவியும் மெய்யானது. ஆனால் அக்கருவியின் ஒவ்வோர் அசைவையும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கமரா பின்தொடர்ந்து, மாணவன் வெட்டிய குழியைச் சிறந்த மாதிரிக் குழியோடு கணினி ஒப்பிட்டுக் காட்டும். பெனிசில்வேனியாப் பல்கலைக்கழகம் இதனை முற்பட ஏற்ற நிலையங்களுள் ஒன்று. 2007 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் றெடிங் பல்கலைக்கழகமும் இணைந்து தொடங்கிய 'ஹப்டெல்' ஆய்வுத்திட்டம் தொடுகைப் பொறியைப் பாடத்திட்டத்தினுள்ளே கொணர்ந்து சோதித்தது. ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள பல்வைத்தியக் கல்விநிலையமும், 'மூக்' என்னும் நிறுவனமும் கூடி 'சிமோடொன்ட்' என்னும் பொறியை ஆக்கின. அதிலே பல் முழுவதும் கற்பனை. முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து நோக்குகையில் அது கண்முன்னே நிற்கும். கையிலேயோ கருவியின் எதிர்ப்பு மெய்யாகவே உணரப்படும். 'மூக்' நிறுவனம் வானூர்திப் பயிற்சிப் பொறிகளுக்கு உறுப்புகள் ஆக்குவதிற் பெயர் பெற்றது என்பதைக் கருதும்போது, லிங்க் தொடங்கிய பாதை பல்லின் வாயிலில் வந்து சேர்ந்தமை தெளிவாகும்.

இப்பொறிகளின் தனிச்சிறப்பு யாது? பொம்மைத்தலையிலே ஆசிரியர் முடிந்த வேலையையே கண்டு புள்ளியிடுவார். ஒரே குழிக்கு இரண்டு ஆசிரியர் இரு வேறு புள்ளி இடுவதும் உண்டு. பரீட்சைத்தாள் திருத்தும் நமக்கு இது புதிதன்று. பொறியோ வேலை நிகழ்ந்த வழியையே பதிவுசெய்யும். எவ்விடத்திற் கை தயங்கிற்று, எவ்விடத்தில் அளவிறந்து அழுத்திற்று, எத்துணை நலமுற்ற பகுதி வீணாக வெட்டப்பட்டது என்பவற்றை அது மாணவனுக்கு அப்பொழுதே காட்டும். மேலும், கெட்ட பல்லை ஒரு விசையை அழுத்தி மீண்டும் நலமுறச் செய்யலாம். நூறு முறை பிழைக்கலாம். நூறு முறையும் எவர்க்கும் நோகாது.

2020 இல் கொவிட் கொள்ளைநோய் பரவியபோது இதன் பயன் மேலும் வெளிப்பட்டது. துளைகருவி தெறிக்கும் நுண்துளிகள் நோயைப் பரப்பும் என அஞ்சி, பல நாடுகளிலே மாணவர் நோயாளரை அணுகுவது நிறுத்தப்பட்டது. நோயாளர் இன்றியும் பழகக்கூடிய பொறி இருந்த இடங்களிலே கை முற்றாகத் துருப்பிடிக்காதிருந்தது.

சிகிச்சையிற் புதுமை

பயிற்சிக்கெனத் தோன்றிய இவ்வறிவு சிகிச்சையோடும் கலந்துவிட்டது. 1985 இல் சூரிச் பல்கலைக்கழகத்திலே வேர்ணர் மேர்மான், மார்க்கோ பிறண்டஸ்தினி ஆகியோரின் முயற்சியால், ஒளியினாற் பல்லை அளந்து, கணினியில் வரைந்து, பொறியினாற் கடைந்த பல்லடைப்பு நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1965 இல் சுவீடன் நாட்டுக் கொதென்பேர்க்கிலே பிறனமார்க் என்பார் மனிதத் தாடையிலே தைற்றேனியத் திருகாணியைப் பதித்துப் பல் நிறுத்திய முறை, 1990களின் பிற்பகுதியிலே தோன்றிய கூம்புக்கற்றை ஊடுகதிர்ப் படத்தோடு இணைந்தபோது, வாயைத் திறக்குமுன்னரே எலும்பின் அளவையும் நரம்பின் வழியையும் கணினித்திரையில் நோக்கித் திட்டமிடல் இயல்வதாயிற்று. குறித்த ஒரு நோயாளியின் பல்லையே பாவனைப் பொறியினுள் இட்டு, மாணவன் முதலில் அங்குச் செய்து பார்த்தபின் அவரை அணுகுவதும் இன்று கைகூடியுள்ளது. நோயாளிக்கே மெய்ந்நிகர்க் கண்ணாடி அணிவித்து, அவர் கவனத்தை வேறோர் உலகுக்குத் திருப்பி நோவைக் குறைக்கும் முயற்சியை, வாசிங்டன் பல்கலைக்கழகத்து ஹண்டர் ஹொவ்மன் முதலியோர் தீக்காயமுற்றோரிடத்தும் பற்சிகிச்சை பெறுவோரிடத்தும் மேற்கொண்டனர்.

பொறி கற்பிக்காதவை

எனினும் பொறியைப் போற்றும் ஆர்வத்திலே அதன் எல்லையை மறத்தலாகாது. பொறியிலுள்ள பல் நோகாது, நோயாளி நாவை அசைக்கான், உமிழ்நீர் ஊறாது, குழந்தை அழாது. "தம்பி, கொஞ்சம் பொறும்" எனக் கூறவேண்டிய குரலை எப்பொறியும் கற்பிப்பதில்லை. அச்சமுற்றவனின் கண்ணை நோக்கிக் கை நிறுத்தத் தெரிதல் பல்வைத்தியத்தின் பாதி. அப்பாதி மனிதரிடத்தே, மூத்தோர் அருகிருந்து வழிநடத்தவே வரும். பாவனைப் பயிற்சி பெற்றவர் கைத்திறனில் முன்னேறுகின்றனர் என ஆய்வுகள் பல கூறினும், அப்பயிற்சி ஆசிரியரையும் பொம்மைத்தலையையும் நீக்கிவிடும் எனக் கூறுவாரில்லை.

இரண்டாவது எல்லை செல்வத்தைப் பற்றியது. இப்பொறிகள் பெருவிலையுடையன. பொறி உள்ள நாட்டிலே ஏழையின் வாய் பயிற்சிக்களமாவதினின்று விடுதலை பெறும். பொறியில்லா நாட்டிலே அது பழைய நிலையிலேயே இருக்கும். முன்னொரு காலத்தே ஒரு நகரத்தின் ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே நிலவிய வேற்றுமை, இனி நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நிலவுதல் கூடும். இதற்கு மாற்று யாது? சுசுருதரின் விதியை ஈண்டு மீண்டும் நினைவு கூர்தல் தகும். சுரைக்காய்க்கு விலை இல்லை. பிடுங்கிய பல்லைச் சாந்திற் பதிக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விலை மிகுந்த பொறி கிட்டும்வரை காத்திராது, "உயிருள்ளவனிடம் முதன்முதலிற் பழகாதே" என்னும் தீர்மானத்தை ஒரு நாடு இன்றே எடுக்கலாம். பொறி அத்தீர்மானத்தை எளிதாக்குமேயன்றி, அதனை நமக்காக எடுத்துத் தராது.

என் மாணவனின் வினாவுக்கு இனி விடை கூறலாம். முதலாவது பல்வைத்தியர் யாருடைய பல்லிலே பழகினாரென்பது எவருக்கும் தெரியாது. ஏனெனில் பழகப்பட்டவனின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. போசாரின் பெயரும் மொறிசனின் பெயரும் பேர்கசின் பெயரும் வரலாற்றில் உள்ளன. அவர்களுக்கு முன்னும் பின்னும் நாற்காலியில் இருந்து வாயைத் திறந்தோர் பெயர் எங்கும் இல்லை. பல் போனாற் சொல் போகும் என்பர். அவர்கள் சொல்லும் அவ்வாறே போயிற்று.

இவற்றை எழுதும்போது வேறொரு நினைவும் என்னை வருத்துகின்றது. ஆசிரியப் பணியிலே யான் அடியெடுத்து வைத்த முதலாண்டில், தயாரிப்புக் குன்றியும் பொறுமை இழந்தும் யான் கற்பித்த பாடங்கள் பல. அவ்வகுப்பிலிருந்த நாற்பது மாணவர்க்கும் அவ்வாண்டு மீண்டும் வரவில்லை. ஒரு விசையை அழுத்தி அவர்களை மீண்டும் முதல் நாளிலே இருத்த என்னால் இயலாது. வெட்டிய பல்லைப்போலவே கழிந்த ஆண்டும் மீள வளர்வதில்லை. ஆசிரியனுக்கெனப் பொம்மைத்தலை எதுவும் இதுவரை ஆக்கப்படவில்லை. ஆக்கப்படுமோ எனவும் அறியேன். ஆதலின், நம்மிடம் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியரைத் தனியே வகுப்பினுள் விட்டு அகலாது, அவர் கை நடுங்கும் வேளையிலே அருகிற் சென்று நிற்றல் மூத்தோர் கடமையாகும். என் வாயினின்று ஒடிந்த வேரை அன்று எடுத்த மூத்த வைத்தியர், அப்பயிலுநரை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. குறட்டை அவர் கையிலே மீண்டும் கொடுத்து, தம் கையை அதன்மேல் வைத்து, எவ்வாறு பிடிக்கவேண்டுமெனக் காட்டினார்.